சின்ன மீன் வேறு, மீன் குஞ்சு வேறு

அறந்தாங்கி பக்கம் மாதம் ஒரு தடவை கூடுகிற நம் இயற்கை உழவர் கூட்டங்களில் மீன் அமிலம் பற்றிப் பேச்சு வராமல் இருப்பதில்லை. ஒரு கிலோவுக்கு எவ்வளவு வெல்லம், எத்தனை நாள் ஊறணும், டேங்குக்கு எத்தனை மில்லி என்று எல்லாம் கேட்பார்கள். எந்த மீன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "மலிவா கிடைக்கிற மீன் எதுனாலும் போடலாம்" என்பதுதான் வழக்கமான பதில். அந்த "எதுனாலும்" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அமிலம் போடுகிற மீனில் ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு வாங்குகிற மீன் வரை போகலாம்.

நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஆள். கடலோரக் கிளை ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்ததில் படகுக் கணக்கு கொஞ்சம் பழக்கம். இப்போது தென்னையும் நெல்லும்தான் என் வேலை. கடலை நான் கணக்குப் பிள்ளையின் கண்ணால்தான் பார்க்கிறேன், மீனவராக அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் மாவட்டத்துக்குக் கடற்கரை சுமார் 42 கிலோமீட்டர். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் என்று ஊர்கள். எதிரே இருப்பது பாக் விரிகுடா. ஆழம் ரொம்பக் குறைவான கடல். பல இடங்களில் நம் ஊர்க் கிணற்றை விடக் கொஞ்சம் அதிக ஆழம், அவ்வளவுதான். அடியில் சேறும் கடற்புல்லும். அந்தப் புல்தான் இறாலுக்கும் நண்டுக்கும் ஓரா மீனுக்கும் நாற்றங்கால். ஆவுளியா என்று கரையில் சொல்கிற கடல்பசு மேய்வதும் அதே புல்லைத்தான். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது அது. நம் மாவட்டத்துக்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

நாற்றங்காலில் ஏர் ஓட்டினால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இழுவை மடி செய்வது அதைத்தான். பை போன்ற வலையைக் கனமான சங்கிலியோடு தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போவார்கள். குறி வைப்பது இறாலை. பையில் ஏறுவது வழியில் இருந்த அத்தனையும். 1953-ல் கேரளத்தில் நார்வே நாட்டு உதவியோடு தொடங்கிய மீன்வளத் திட்டம் படகுகளையும் எந்திரத்தையும் கொண்டு வந்தது. ஏற்றுமதி இறாலுக்கு விலை ஏற ஏற, அரசு மானியத்தோடும் கடனோடும் விசைப்படகுகள் நம் கரைக்கும் வந்து சேர்ந்தன. பசுமைப் புரட்சி வயலில் நடந்த அதே காலத்தில் கடலிலும் ஒன்று நடந்தது. நமக்கு யூரியா மூட்டை வந்த மாதிரி அவர்களுக்கு டீசல் எஞ்சின் வந்தது. அதனால் விசைப்படகுக்காரரை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உழவரிடம் "நீ ஏன் பூச்சிமருந்து அடித்தாய்" என்று கேட்பது எவ்வளவு நியாயமோ, அவ்வளவுதான் அதுவும் நியாயம்.

சரி, சங்காயத்துக்கு வருவோம். மடியை மேலே இழுத்துக் கொட்டினால் இறால், நண்டு, கணவாய், பெரிய மீன் என்று தரம் பிரிப்பார்கள். மிச்சம் கிடக்கிற பொடிக்குவியல்தான் சங்காயம். அதில் காரல் உண்டு, பொடி நண்டு உண்டு, சங்கு சிப்பி உண்டு. இதோடு வளர்ந்திருந்தால் கிலோ நூற்றுக்கணக்கில் விலை போயிருக்கக்கூடிய பாறை, சங்கரா, விளமீன் வகைக் குஞ்சுகளும் உண்டு. முன்பெல்லாம் இதைக் கடலிலேயே கொட்டிவிடுவார்கள், அல்லது கரையில் காயப்போட்டு உரமாக்குவார்கள். இப்போது கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் மீன் தூள் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. ஒரு கிலோவுக்குக் கிடைப்பது சொற்ப விலைதான். ஆனால் படகு கொண்டு வருகிற எடையில் அதன் பங்கு பெரியது.

"எப்படியும் வலையில் விழுந்து செத்த மீன். நாம வாங்கலைன்னா மட்டும் உயிர் வந்துடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் கணக்கில் இருக்கிறது. ஒரு தடவை கடலுக்குப் போய்வர டீசல், ஐஸ், ஆட்களுக்குப் படி என்று பெரும் செலவு. இறாலும் நண்டும் குறைவாகப் பட்ட நாளில், டீசல் காசில் ஒரு பகுதியையாவது ஈடு கட்டுவது சங்காயம். அது விலை போகாது என்றால் கண்ணி சிறுத்த மடியை இழுப்பதில் அர்த்தமில்லை. டீசலும் ஐஸும்தான் நஷ்டம். விலை போகும் என்றால் கண்ணியை இன்னும் சுருக்கலாம் என்று தோன்றும். இழுவை மடியின் கடைசிப் பையில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த அளவில் சங்காயம் இவ்வளவு ஏறாது. சங்காயம் குவிகிற இடத்தில் கண்ணியைப் பார்க்காமலேயே அளவு தெரிந்துவிடும்.

இயற்கை விவசாயி ஒருவர் சங்காயம் வாங்கி அமிலம் போட்டால், மண்ணைக் காப்பாற்றக் கடல் தரையைச் சுரண்டுகிறார் என்று ஆகிறது. நாட்டுக்கோழிக்குக் கருவாட்டுத் தூள் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

இதற்கு மாற்று ரொம்பச் சுலபம், செலவும் குறைவு. மீன் வெட்டித் தருகிற இடத்தில் தலை, குடல், செவுள், செதில் என்று நாள்தோறும் கூடை கூடையாகச் சேர்கிறது. அறந்தாங்கி, புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை சந்தைகளில் காலை பத்து மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் காசில்லாமலே கிடைக்கும். வாளியை நாமே கொண்டு போய், சுத்தமாகத் திருப்பித் தந்தால் போதும். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நாட்டு வெல்லம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நிழலில் 25 முதல் 40 நாள். உப்புப் போட்ட மீன் கழிவை மட்டும் தவிர்க்கணும். வாடை மாறிப் பழ வாசனை வந்தால் வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி. முழு மீன் போட்டால் தரம் கூடும் என்று சொல்வார்கள். என் தென்னையும் கத்தரியும் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இனி சமையலுக்கு வாங்குகிற மீன்.

இங்கே பெரிய குழப்பம் ஒன்று உண்டு. "சின்ன மீன் வாங்காதீங்க, அழிஞ்சு போயிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். "பெரிய மீனை விட்டுடுங்க, சின்ன மீன் சாப்பிடுங்க" என்று வேறு சிலர். இரண்டையும் கேட்கிறவர் என்ன செய்வார்? பேசாமல் கோழிக்கறி வாங்கிவிடுவார். விஷயம் இதுதான்: சின்ன மீன் வேறு, மீன் குஞ்சு வேறு. நெத்திலி எவ்வளவு வளர்ந்தாலும் விரல் அளவுதான். ஓராண்டு, ஈராண்டு ஆயுள். அதற்குள் பலமுறை முட்டை போட்டுவிடும். சூடை, காரல், முரல், கிழங்கான் எல்லாம் கிட்டத்தட்ட இந்த ரகம். சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகுகிறவை, நம் கீரை மாதிரி. வஞ்சிரம் அப்படியல்ல. பெண் வஞ்சிரம் முதல் முட்டைக்குத் தயாராக சுமார் 70 சென்டிமீட்டர் வளரணும். கையால் அளந்தால் மூன்று சாணுக்கு மேலே. சந்தையில் "குட்டி வஞ்சிரம், முழு மீனா எடுத்துக்கங்க, விலை கம்மி" என்று ஒரு கிலோ மீனைக் காட்டுகிறார்களே, அது ஒருமுறைகூட முட்டை போடாத மீன். பால் பிடிக்காத நெற்கதிரை அறுத்த மாதிரி.

எனக்குப் பழகிய பாஷையில் சொன்னால், கடலில் உள்ள மீன் முதல். வருஷம் பிறக்கிற குஞ்சு வட்டி. வட்டியை எடுத்துச் சாப்பிடுவது தப்பில்லை. முதலில் கை வைத்தால் அடுத்த வருஷம் வட்டியே குறையும். பெரிய கணக்கெல்லாம் இப்படித்தான் மூழ்கும். கனடாவின் கிழக்குக் கரையில் பல நூற்றாண்டுகளாகக் காட் மீன் பிடித்தார்கள். 1992 ஜூலையில் அரசு பிடிப்பை மொத்தமாக நிறுத்த வேண்டி வந்தது. பல்லாயிரம் பேருக்கு ஒரே நாளில் தொழில் போயிற்று. நம் பக்கத்திலேயே பாருங்கள்: கேரளக் கரையில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் பிடிபட்ட நெய் மத்தி, 2021-ல் 3,500 டன்கூட இல்லை. மத்திக்குக் கடல் வெப்பம், மழை என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. ஆனால் மெலிந்த ஆண்டுகளில் குஞ்சையும் சேர்த்து அள்ளினால் அது எழுந்திருக்க நாளாகும்.

கேரளம் இதற்கு ஒரு நல்ல காரியம் செய்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இனவாரியாகக் குறைந்தபட்ச அளவு பரிந்துரைத்தது. அதை வைத்து, அளவுக்குக் கீழே உள்ள மீனைப் பிடித்தால் குற்றம் என்று 2015-ல் 14 இனங்களுக்கு விதி வந்தது; பிறகு 58 இனங்களுக்கு விரித்தார்கள். நெய் மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயலை என்கிற கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர். மத்தி அரைச் சாணுக்குக் கொஞ்சம் குறைவு, அயலை முக்கால் சாணுக்குக் கொஞ்சம் குறைவு என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். சந்தைக்கு ஸ்கேல் எடுத்துப் போகத் தேவையில்லை. கை போதும்.

நண்டுக்கு அளவைவிட முக்கியம் வயிறு. நம் கரையில் பிடிக்கிற நீலக்கால் நண்டு ஏற்றுமதிச் சரக்கு. நல்லதெல்லாம் கம்பெனிக்குப் போய்விடும், மிச்சம்தான் நமக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடியில் மடல் ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று உருண்டிருந்தால் பெண். அந்த மடலுக்கு வெளியே பஞ்சு மாதிரி மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் அது சினை நண்டு. ஒரு நண்டில் லட்சக்கணக்கில் முட்டை. கறுத்துவிட்டால் பொரிக்க நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். "சினை நண்டுதான் ருசி" என்று தேடி வாங்குகிறவர்கள் நம்மிலும் உண்டு. உள்ளே செம்மஞ்சளாக இருக்கிற கருவை ருசி என்று சொல்வதாவது புரிகிறது. வெளியே ஒட்டியிருக்கிற முட்டைக் கொத்தைச் சமைக்கும்போது பிய்த்துக் குப்பையில்தானே போடுகிறோம்! அதற்கு ஏன் காசு?

சுறாவும் திருக்கையும் தனிக் கதை. மற்ற மீன் ஆயிரம், லட்சம் என்று முட்டை இட, பெரும்பாலான சுறா வகைகள் மாடு மாதிரி. மாதக்கணக்கில் சுமந்து எண்ணிச் சொல்லக்கூடிய அளவு குட்டிதான் போடும். அதனால் அவை குறைந்தால் திரும்பப் பெருக ரொம்பக் காலம் ஆகும். புள்ளிச்சுறா, கடல் அட்டை, கடல் குதிரை போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. 2022-ல் திருத்தம் வந்து பட்டியல் இன்னும் நீண்டிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு கொடுக்காமல் எப்படி என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கரையோரத்தில் அதே காரணத்துக்குக் காரல் மீன் சாறு கொடுக்கிற வழக்கமும் இருக்கிறது. காரல் மலிவு, எளிதில் கிடைக்கும். முள் அதிகம், சாறாக வைத்து வடிகட்டிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

எந்த மீன் என்பதோடு எப்படிப் பிடித்த மீன் என்பதும் கேட்கணும். இயற்கை விளைபொருளுக்கு நமக்குப் பி.ஜி.எஸ். சான்று இருக்கிற மாதிரி மீனுக்கும் உலக அளவில் முத்திரை உண்டு. இந்தியாவில் முதலில் வாங்கியது கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டி, 2014-ல். ஆனால் மணமேல்குடி மீன் கூடையில் முத்திரையைத் தேடி என்ன பயன்? கேள்விதான் நமக்கு முத்திரை. நான் வழக்கமாக வாங்குகிற அக்காவிடம் மூன்று கேள்வி கேட்பேன்: போட்டு மீனா, வல்லத்து மீனா? வலையா, தூண்டிலா? எந்த ஊர்? முதல் இரண்டு தடவை, "சார் என்ன ஆபீசரா, இவ்வளவு விசாரிக்கிறீங்க?" என்று சிரித்தார். இப்போது நான் கேட்பதற்கு முன்னாலேயே, "ஐயா, இது வல்லத்துல வந்த விளமீனு, இந்தப் பக்கம் கிடக்குறது போட்டு மீனு, நீங்க எடுக்க மாட்டீங்க" என்று அவரே பிரித்துச் சொல்கிறார். வல்லத்து மீன் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கொடுக்கிறேன். நம் தூயமல்லி அரிசிக்கு ஏன் கூட விலை என்று வாங்குகிறவருக்கு விளக்கிச் சலித்தவர்கள் நாம். கூடைக்காரியிடம் பேரம் பேச நமக்கு வாய் வருமா?

கிழமையும் உதவும். பாக் விரிகுடாவில் மோதலைத் தவிர்க்க விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்திருக்கிறார்கள். நம் கரையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் மீன்துறை டோக்கன் வாங்கிப் போகும், மறுநாள் திரும்பும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் குவிவது பெரும்பாலும் மடி மீன். வெள்ளி, சனி காலையில் ஏலத்துக்கு வருவது பெரும்பாலும் வல்லத்து மீன். ஐஸ் பெட்டியில் கிடந்த பழைய சரக்கு இடையில் கலக்கலாம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். நம் சமையலறை ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். அந்த ஒரு நாளைச் சனிக்கு மாற்றுவதுதான் இதில் கஷ்டமான பகுதி. என் வீட்டில் ஆறு மாதம் ஆயிற்று.

தடைக்காலம் பற்றியும் ஒரு வார்த்தை. 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது. 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகு போகலாம். "தடைக்காலத்தில் மீன் வாங்குவது பாவம்" என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் வல்லத்துக்காரருக்கு நல்ல விலை கிடைக்கிற இரண்டு மாதம் அது. வாங்குங்கள், கொஞ்சமாக.

பண்ணை இறாலைப் பற்றி நம் இயக்கத்தாருக்கு அதிகம் சொல்ல வேண்டாம். காந்தியர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது நினைவிருக்கும். அதன் பிறகு சட்டம் மாறி, வனாமி இறால் வந்து, மணமேல்குடி பக்கமும் குட்டைகள் நிறைந்துவிட்டன. நிலத்தடி நீர் உப்பாவது ஒரு பக்கம். அந்த இறால் தின்கிற தீவனத்தில் மீன் தூள் இருப்பது இன்னொரு பக்கம். சுற்றிச் சுற்றிச் சங்காயத்துக்கே வந்து சேர்கிறோம்.

கடல் மீனை விட்டுக் குளத்து மீனுக்கு மாறலாமா? தாராளமாக. நம் மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம். பண்ணைக்குட்டை வெட்டியவர்கள் ரோகு, கட்லா, மிர்கால் விடலாம். தவிடு, புண்ணாக்கு, சாணம் போதும், மீன் தூள் தேவையில்லை. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெள்ளத்தில் தப்பி ஏரிக்குப் போனால் நம் விராலும் அயிரையும் மிஞ்சாது.

கடைசியாக, விசைப்படகுக்காரரின் நிலை. அடியில் இருந்த மீன் குறையக் குறைய, எல்லை தாண்டுவது கூடுகிறது. இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. போர் முடிந்து மீண்டும் கடலுக்கு வந்த யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களின் வலையை நம் படகுகள் அறுக்கின்றன, அவர்களும் தமிழர்தான். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் படகுகள் சிறைபிடிப்புச் செய்தி வராத மாதம் குறைவு. 2017-ல் மத்திய அரசு பாக் விரிகுடாவில் 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டில் ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றத் திட்டம் போட்டது. படகுக்கு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, பயனாளி 10, வங்கிக் கடன் 20. காகிதத்தில் அழகான திட்டம். ஆனால் 8 லட்சம் கையில் எடுத்து வைத்து, 16 லட்சம் கடனை, பழக்கமில்லாத கடலில், பழக்கமில்லாத சூரை மீனை நம்பி வாங்கணும். ரசாயனத்திலிருந்து மாறும்போது முதல் மூன்று வருஷ விளைச்சல் வீழ்ச்சியை யார் தாங்குவது என்று நாம் கேட்கிறோமே, அதே கேள்வி. இலக்கில் சிறு பகுதிகூட எட்டவில்லை.

அவர்கள் கேட்பது மானியம் மட்டுமில்லை, பிடித்த மீனுக்கு விலை. வல்லத்து மீனையும் தூண்டில் மீனையும் தனியாக விலை வைத்து வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். நம் இயற்கை அங்காடிகள் அரிசி, எண்ணெயோடு நிற்கின்றன. அறந்தாங்கியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பம் சேர்ந்து சனிக்கிழமை மீனுக்கு வெள்ளிக்கிழமை இரவே சொல்லி வைக்கிறோம். இன்ன மீன்தான் வேண்டும் என்று சொல்வதில்லை. வல்லத்தில் அன்றைக்கு என்ன வருகிறதோ அது. ஒரு வாரம் ஊடகம், ஒரு வாரம் மடவை, ஒரு வாரம் வெறும் காரல். போன மாதம் ஒரு சனிக்கிழமை காற்று அடித்து எதுவும் வரவில்லை. அன்றைக்குப் பருப்புக் குழம்பு.